எண் இல்லாத எழுத்து

அலுவலகத்தில் எனக்குப் பெயர் புள்ளி சார். வீட்டில் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. யாராவது ஒருவருடைய திரையில் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டம் வந்து நின்றாலோ, எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி பக்கத்து எழுத்தின் தோளில் போய் உட்கார்ந்தாலோ என்னைக் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருஷமாக இதே பிழைப்பு. கட்டடத்தில் ஆறு மாடி, மாடிக்கு ஒரு அலுவலகம். தண்ணீர் இணைப்பு, தொழில் உரிமம், நூலகம் என்று எல்லோருக்கும் வரும் மெயில்கள் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் கணினிக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் எது உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்று விதி எழுதியவன் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதைச் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டாலும் நாலு வரி தாண்டினால் தெரிந்துவிடும். ஐம்பத்தெட்டு வயதாகிறது. மனைவி போய் ஒன்பது வருஷம். வீட்டில் இரண்டு நாற்காலி, ஒன்றில் நான் உட்காருவேன், இன்னொன்றில் இஸ்திரி போட்ட சட்டைகள் உட்காரும். இணைய இணைப்பு கிடையாது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டிலும் எதற்கு? எழுதுவது, படிப்பது எல்லாம் அலுவலக மெயிலில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில்கூடச் சாவி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். வேலை இருக்காது.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். கீழே வரிசைக்குச் சீட்டுக் கொடுக்கும் டோக்கன் அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் கட்டடத்துக்கே அவர் அக்கா.

"புள்ளி சார், கீழ ஒருத்தர் வந்து உக்காந்துட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறாரு. பல் செட் செய்யறவரு. லைசென்ஸ் புதுப்பிக்க நாலு மெயில் போட்டாராம், ஒண்ணுக்கும் பதில் இல்லையாம்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? லைசென்ஸ் ஆளுங்களைப் போய்க் கேளுங்க."

"கேட்டேன். மெயிலே வரலைங்கறாங்க. இவரு அனுப்பினதைப் போன்ல காட்டறாரு. ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். அப்ப நடுவுல முழுங்கினது யாரு? நடுவுல இருக்கறது நீங்கதான்."

வாய்க்கொழுப்பு அதிகம் அக்காவுக்கு. ஆனால் சொன்னது சரி. எழுந்து போனேன்.

பல் செட் செய்பவர் ஒல்லியாக, நரைத்த மீசையோடு, மடியில் ஒரு தோல் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகக்கண்களில் வெள்ளை மாவு. கோபமாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டு நானும் கோபத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ என் வேலையைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு போனை நீட்டினார்.

"முன்னாடியெல்லாம் ஒழுங்கா வந்துட்டிருந்துச்சு சார். இந்த வருஷம்தான் இப்படி."

"இந்த வருஷம் என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தல. போன்தான் புதுசு. இதுல எங்க எழுத்து வந்துடுச்சு. அதான் பேரைச் சரியாப் போட்டேன்." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சந்தோஷம். அறுபது வயதில் முதல்முறையாகத் தன் பெயரைச் சரியாக எழுதிய மனிதரின் முகம்.

பெயரைப் பார்த்தேன். நடுவில் அந்த எழுத்து: n̈. சாதாரண n, தலையில் இரண்டு புள்ளி. உலகத்தில் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் இதை எழுதுகிறார்கள், நம் ஊரில் எப்போதோ கடல் தாண்டி வந்து தங்கிவிட்ட சில குடும்பங்கள். எனக்கு இது புதிதில்லை. என் மகள் கட்டிக்கொண்டவன் குடும்பப் பெயரிலும் இதே எழுத்து இருக்கிறது. இரண்டு வருஷம் நாலு மாதமாக இந்த எழுத்தை எங்கே பார்த்தாலும் என் வாய் கசக்கும்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவள் கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. போனேன், சாப்பிட்டேன், போட்டோவுக்கு நின்றேன். அப்புறம் ஒரு நாள் போன் செய்து, "அப்பா, ஆபீஸ்ல, பேங்க்ல எல்லாம் அவங்க பேரையே போட்டுக்கறேன்" என்றாள். அவள் பெயருக்குப் பின்னால் அதுவரை இருந்தது என் பெயர். அதை எடுத்துவிடப் போகிறாள். வலித்தது. வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். நான் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினேன்.

"அந்த எழுத்துக்குச் சொந்தமா ஒரு நம்பர்கூடக் கிடையாது, தெரியுமா? எந்த மெஷினும் உன் பேரை ஒழுங்காக் காட்டாது. போற இடமெல்லாம் கட்டம் கட்டமா நிப்ப. நம்பர் இல்லாத எழுத்து எழுத்தே இல்ல."

"நாலு தலைமுறையா அவங்க அந்தப் பேரோடதான் இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க," என்றாள். குரல் உயர்ந்தது. என் குரல் அதற்கு மேல் உயர்ந்தது. கடைசியில் நான், "கத்தாதே. சொல்றதை எழுத்துல சொல்லு. எழுதினா பதில் சொல்றேன், போன் பண்ணினா எடுக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டேன். அவள் ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே எங்களுக்குள் எல்லாம் எழுத்தில்தான் நடக்கும். வாரம் ஒரு மெயில் என் அலுவலக முகவரிக்கு வரும். அதனால் எழுதுவாள் என்று நிச்சயமாக இருந்தேன்.

எழுதவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருஷம். அப்பனைப் போலவே வீம்பு என்று நினைத்தேன். முதலில் அவள் எழுதட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல் வேலை அவள் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. வந்திருக்காது. தேநீர் எடுக்கப் போய்விடுவேன்.

சரி, பல் செட் செய்பவரிடம் வருவோம். "எங்க எழுத்துல ஏதாவது தப்பா சார்?" என்று கேட்டார். கட்டடத்தில் யாரும் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. ஒருவர் கேட்டுவிட்டால் நான் விடுவேனா? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். n-னா நூத்திப் பத்து. தலையில ரெண்டு புள்ளி வச்ச u இருக்கே, அது நிறைய பேர் எழுதறது. அதுக்குத் தனியா ஒரு எண் கொடுத்து வச்சிருக்காங்க. உங்க எழுத்துக்கு அப்படி ஒண்ணு கொடுக்கல. பட்டியல் போட்டப்போ உங்க சார்பா யாரும் அங்க போய் நிக்கல. அப்புறம், ரெண்டு துண்டா வச்சு எழுத முடியற எதுக்கும் இனிமே தனி எண் தர்றதில்லன்னு கதவைச் சாத்திட்டாங்க."

"அப்ப எப்படி இது தெரியுது?"

"ரெண்டு எண். முதல்ல நூத்திப் பத்து. அடுத்து எழுநூத்து எழுபத்தாறு. அந்த ரெண்டாவது எண் வெறும் புள்ளிங்கதான். 'எனக்கு முன்னாடி யாரு இருக்காங்களோ அவங்க தலையில என்னை உக்கார வை'ன்னு அர்த்தம். முன்னாடி யாருமே இல்லேன்னா, கோடு கோடா ஒரு வெறும் வட்டத்தைப் போட்டு அதுமேல புள்ளியை உக்கார வைக்கும் மெஷின். நம்ம 'கொ'வும் அப்படித்தான். 'க'வுக்கு ஒரு எண், அந்தக் கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து ஒரு எண். திரைக்கு வரும்போது ஒண்ணு முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் போய் நின்னுக்கும். நமக்கு ஒரே எழுத்தாத் தெரியும்."

அவர் போனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தரா நிக்கற மாதிரி," என்றார்.

"ஆமா. எழுத்துருவில புள்ளி உக்கார இடம் குறிச்சு வச்சிருந்தா அழகா நிக்கும். குறிக்கலேன்னா சரிஞ்சுடும், இல்ல கட்டமா வரும். ஆனா அது பார்வைக்குத்தான். அதனால மெயில் காணாமப் போகாது."

சொல்லி முடித்த கணமே எனக்கு உறைத்தது. போகும். நான் எழுதிய விதி ஒன்று இருக்கிறது.

பதினேழாம் விதி. ஏழு வருஷத்துக்கு முன்னால் மோசடி மெயில்கள் படையெடுத்து வந்தன. வங்கி என்றும் வரி அலுவலகம் என்றும் பெயர் போட்டுக்கொண்டு, வடிகட்டியில் சிக்காமலிருக்க எழுத்துகளின் தலையில் கண்ட கண்ட குறிகளை ஒட்டிக்கொண்டு வரும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தனி எண் உள்ள எழுத்தென்றால் விடு. ஆங்கில எழுத்துக்குப் பின்னால் புள்ளியோ கோடோ உதிரியாக ஒட்டிக்கொண்டு வந்தால், அதற்கு அதிகாரப்பூர்வமான சொந்த எண் இல்லையென்றால், அந்தப் பெயர் போலி. நிறுத்தி வை. அனுப்பியவனுக்குச் சொல்லாதே, சொன்னால் திருடன் உஷாராகிவிடுவான். தொண்ணூறு நாள் கழித்து அழித்துவிடு. உதவி மேலாளர், "ஒரு வருஷமாவது வச்சிருக்கலாமே" என்றார். "குப்பையை யாராவது வருஷக்கணக்கா வச்சுக் கும்பிடுவாங்களா?" என்று கேட்டவன் நான். ஒரே வாரத்தில் மோசடி மெயில் நின்றது. மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். உண்மையான மனிதர்கள் இப்படிப்பட்ட பெயரோடு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எழுத்துகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவனுக்குத்தான் இது தோன்றவில்லை.

பல் செட் செய்பவரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு மேலே ஓடினேன். நிறுத்தி வைத்த மெயில்களின் கிடங்கைத் திறந்தேன். அவருடைய நாலில் இரண்டு, தொண்ணூறு நாளுக்கு உட்பட்டவை, பத்திரமாக இருந்தன. உரிம அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டு, டோக்கன் அக்காவுக்குப் போன் செய்து அவரை மூன்றாம் மாடிக்கு அனுப்பச் சொன்னேன். அந்த மனிதரின் வேலை அரை மணியில் முடிந்தது. போகும்போது என் மேஜைக்கு வந்து கும்பிட்டுவிட்டு வேறு போனார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்த ஒருவர் மாட்டினார் என்றால் இன்னும் எத்தனை பேர்? மெயில் அழிந்தாலும் பதிவேடு அழியாது. தேதி, நேரம், அளவு, அனுப்பியவர் பெயர், யாருக்கு, எந்த விதியில் நின்றது. ஒரு மெயிலுக்கு ஒரு வரி. நூற்றுப் பத்துக்குப் பின்னால் எழுநூற்று எழுபத்தாறு வரும் பெயர்களை மட்டும் தேடு என்று கொடுத்தேன்.

அறுபத்தெட்டு வரிகள் வந்தன. ஆறேழு பேரின் பெயர்கள். அதில் ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பதிவேட்டுத் திரையின் எழுத்துருவில் அந்தப் புள்ளிகளுக்கு இடம் குறித்து வைக்கவில்லை, அதனால் குடும்பப் பெயர் உடைந்து நடுவில் ஒரு கட்டத்தோடு இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய பாதியில் உடைய எதுவும் இல்லை. அது நான் வைத்த பெயர். யாருக்கு என்ற இடத்தில் என் முகவரி.

எண்ணினேன். இருபத்து மூன்று.

எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். முதல் வரியின் தேதியைப் பார்த்தேன். சண்டை போட்டதற்கு மறுநாள், காலை ஆறு இருபது. எழுது என்றேன், எழுதியிருக்கிறாள். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

கடைசி வரி நூற்று நாலு நாளைக்கு முன்னால். அதாவது ஒன்றுமே மிச்சமில்லை. இருந்தாலும் கிடங்கு முழுக்கத் தேடினேன். நகல் எடுத்து வைக்கும் வட்டிலும் தேடினேன். குப்பைக்கு நகல் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்ததும் நானே. என் வேலையை நான் எப்போதும் சுத்தமாகச் செய்வேன்.

மெயில் போய்விட்டது, அளவு மட்டும் இருக்கிறது. முதல் மெயில் பதினாலு கேபி. மெயிலின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும் முகவரி விவரங்களையும் வழியில் ஊதிப்போகும் அளவையும் கழித்து, நாங்கள் தமிழில்தான் எழுதிக்கொள்வோம் என்பதால் எழுத்துத் துண்டுக்கு மூன்று பைட்டு என்று போட்டால், கிட்டத்தட்ட இரண்டாயிரத்து எழுநூறு. இரண்டு பக்கம். அடுத்தது பன்னிரண்டு கேபி. அப்புறம் ஒன்பது, ஒன்பது, எட்டு. ஏறக்குறைய மாதம் ஒன்று வீதம் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டே வந்தது. கடைசி மெயில் நாலு கேபி. கணக்குப் போட்டால் இருநூற்றைம்பது எழுத்து தேறும். இருநூற்றைம்பது எழுத்தில் ஒரு பெண் அப்பாவுக்கு என்ன எழுதுவாள்? விதவிதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அவ்வளவுதான் வந்தது: இனிமேல் எழுத மாட்டேன்.

நடுவில் ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. போன வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று எம்பி. மறுநாள் ஒரு சின்ன மெயில். அதற்கு மறுநாள் இன்னொரு சின்ன மெயில். மாதம் ஒன்று எழுதுகிறவள் மூன்று நாளில் மூன்று எழுதியிருக்கிறாள். மூன்று எம்பி என்றால் படம். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன சமயம். நான் முட்டாள் இல்லை, கணக்குத் தெரிந்தவன். குழந்தை. குழந்தையின் போட்டோ அனுப்பியிருக்கிறாள், அப்பா பார்த்தாரா என்று மறுநாள் கேட்டிருக்கிறாள், அதற்கு மறுநாளும் கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு மிச்ச நேரம் அழுகையும் சந்தோஷமும் கலந்து எனக்கு என்னமோ போல இருந்தது. பதினேழாம் விதியை எடுத்துவிட்டேன். அடிபட்ட மற்ற பெயர்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லச் சொல்லி டோக்கன் அக்காவிடம் கொடுத்தேன். மேலாளரிடம் போய், "இது என் தப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். முப்பத்தோரு வருஷத்தில் அந்த வாக்கியத்தை நான் எழுதியதில்லை. அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார்.

எல்லாம் ஆன பிறகு, நாலு மணிக்கு, அலுவலகப் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன்.

"ஹலோ, யாரு?" கொஞ்சம் கரகரப்பாகக் கேட்டது. ஜலதோஷம் போல என்று நினைத்தேன்.

"நான்தாம்மா. அப்பா."

வைத்துவிடுவாளோ என்று பயந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். விதி, புள்ளி, எண், கிடங்கு, தொண்ணூறு நாள், இருபத்து மூன்று வரி. "ஒண்ணைக்கூட நான் பாக்கலம்மா. வந்ததே தெரியாது. நீ எழுதலன்னு நினைச்சுக் கோவமா இருந்தேன்."

"அந்த விதியை எழுதினது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"நம்பறேன்பா. நீங்க பொய் சொல்ற ஆளில்ல." அவள் குரலில் ஈரம் இல்லை. "உங்களுக்குக் கோவம்னு நினைச்சேன். கோவம்னா ஒரு நாள் தணியும்னு நினைச்சேன்."

பேசிவிட்டாள் என்கிற தைரியத்தில் எனக்கு நாக்கு நீண்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். "குழந்தை நல்லா இருக்கா?"

"எந்தக் குழந்தை?"

"போன வருஷம் பெருசா ஒண்ணு அனுப்பினியேம்மா. மூணு எம்பி. போட்டோன்னு நினைச்சேன்."

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள்தான் சாத்தியிருக்க வேண்டும்.

"அது ஸ்கேன் ரிப்போர்ட்டுப்பா. கழுத்துல கட்டி. உடனே ஆபரேஷன் பண்ணணும்னாங்க. நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்னாங்க. எங்களுக்குள்ள என்ன இருந்தாலும் இதைப் பாத்தா அப்பா வந்துடுவாருன்னு சொல்லி, ரெண்டு நாள் தள்ளி வைக்கச் சொன்னேன். டாக்டர் திட்டினாரு. என் மாமியார்கூடத் திட்டினாங்க. நான் பிடிவாதமா இருந்தேன். போன் பண்ணினா எடுக்க மாட்டேன்னீங்க, அதான் அந்த ரெண்டு நாளும் எழுதினேன், எந்த வார்டு, எந்த மாடின்னு."

"இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்ல. நல்ல கட்டிதான். தழும்பு இருக்கு. குரல்தான் முன்ன மாதிரி இல்ல. உங்களுக்கு வித்தியாசம் தெரியல போல."

ஜலதோஷம் என்று நினைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

"எழுதினதெல்லாம் உன்கிட்ட இருக்குமேம்மா. திரும்ப அனுப்பு. ஒவ்வொண்ணாப் படிக்கறேன்."

"இல்லப்பா. கடைசியா ஒண்ணு எழுதினேன்ல, அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டேன். பதில் வராததை எத்தனை நாள் பாத்துட்டிருக்கறது?"

"அப்ப வாயாலயாவது சொல்லேன். கேக்கறேன்."

"முடியாதுப்பா. அதெல்லாம் அந்தந்த நாள்ல எழுதினது. இப்ப சொன்னா வேற மாதிரி இருக்கும். எத்தனைன்னு சொன்னீங்க?"

"இருபத்து மூணு."

"நீங்க எழுதுங்க. இருபத்து மூணு. நான் படிப்பேன், ஆனா பதில் போட மாட்டேன். முடிஞ்சதும் பேசலாம்."

"தண்டனையாம்மா?"

"தெரியல. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியல. அதான்," என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் முதல் மெயிலை ஆரம்பித்தேன். அவள் முழுப் பெயரையும் போட்டேன், அவள் இப்போது எழுதுகிற மாதிரியே. நூற்றுப் பத்து, எழுநூற்று எழுபத்தாறு. புள்ளி இரண்டும் தலைமேல் ஒழுங்காக உட்கார்ந்தன. அதற்குக் கீழே ஒரு வரி எழுத எனக்கு மத்தியானம் வரை ஆயிற்று. என் பெயரை நீ எடுத்தபோது வலித்தது என்று எழுதினேன். இரண்டு வருஷம் நாலு மாதத்துக்கு முன்னால் போனில் சொல்லியிருக்க வேண்டியது.

முதல் மூன்று மெயிலிலும் மன்னிப்புக் கேட்டேன். நாலாவதில் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அப்புறம் என் நாட்களை எழுதினேன். சட்டைகள் உட்காரும் நாற்காலியைப் பற்றி, அவள் அம்மாவின் அலமாரியை இன்னும் திறக்காமல் இருப்பதைப் பற்றி, டோக்கன் அக்கா இப்போதெல்லாம் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பற்றி. பதில் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள், அது எனக்கு நன்றாகவே தெரியும். அப்படியும் அனுப்பியபின் ஒரு மணி நேரம் திரையைவிட்டு நகர முடிவதில்லை. மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் அவள் பெயரைத்தான் தேடுகிறேன். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், நான் எழுதியதில் எந்த வரி அவளைப் புண்படுத்தியிருக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன்.

இன்று காலை பதினொன்றாவதை அனுப்பினேன். முன்பெல்லாம் பக்கம் பக்கமாகப் போகும், இது அரைப் பக்கத்தில் நின்றுவிட்டது. இன்னும் பன்னிரண்டு இருக்கிறது, எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. எனக்காவது முடியும் நாள் தெரியும், அவள் படிக்கிறாள் என்றும் தெரியும். என் மகள் இது எதுவும் தெரியாமல் இருபத்து மூன்று எழுதினாள், அதில் மூன்றைக் கழுத்தில் கட்டியோடு எழுதினாள்.